ஐந்து இலை ரோடு

ஒரு காட்டில், ஓடைக்கரைச் சேற்றில் இறக்கி வைத்த டோலியில்தான் சடையாண்டி தன் மனைவி பொம்மியைக் கடைசியாக உயிரோடு பார்த்தான்.

சடையாண்டி ஒரு முள்ளம்பன்றி. பொம்மியும் முள்ளம்பன்றிதான். அந்தக் காட்டில் ரேஷன் கடை இருந்தது, செல்போன் கோபுரம் இருந்தது, கோபுரத்தின் உச்சியில் ஒரு தேனடையும் இருந்தது. ரோடு மட்டும் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால், மூங்கில் கம்பில் போர்வையைத் தூளிபோல டோலி கட்டி, அதில் ஆளைப் படுக்க வைத்து, ஓடைக்கு அக்கரையில் இருக்கும் கரடி வைத்தியச்சியிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மானைத் தூக்கலாம். குரங்கைத் தூக்கலாம். முள்ளம்பன்றியைத் தூக்குவதில் மட்டும் ஒரு சிரமம் இருந்தது.

பொம்மியைச் சாக்கில் சுற்றினார்கள். அதன் மேல் இன்னொரு சாக்கைச் சுற்றினார்கள். சாக்கையும் போர்வையையும் தாண்டி முள் வெளியே வந்தது. முன்னால் தூக்கிய நரிக்கு முதுகில் குத்தியது. பின்னால் தூக்கிய மிளா மானுக்கு முழங்காலில் குத்தியது.

"கொஞ்சம் இறக்கிக்கலாமா?" என்று நரி கேட்டது. இறக்கினார்கள். தூக்கினார்கள். "கொஞ்சம் இறக்கிக்கலாமா?" என்று மிளா கேட்டது. மறுபடியும் இறக்கினார்கள்.

ஓடைக்கரையில் இறக்கியபோது பொம்மி கண்ணைத் திறந்தாள்.

"அவங்களுக்கு ரொம்பக் குத்துதா?" என்று கேட்டாள்.

"இல்ல, இல்ல," என்றான் சடையாண்டி.

நரி முதுகைத் தடவிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தது. கரடி வீட்டு வாசலில் டோலியை இறக்கியபோது பொம்மி இல்லை.

அதற்குப் பிறகு சடையாண்டி எந்தக் கூட்டம் நடந்தாலும் எழுந்து நின்று ரோடு கேட்டான். குடிநீர்க் குட்டையைப் பற்றிப் பேசும்போதும் ரோடு கேட்டான். யானைகள் வாழைத் தோட்டத்துக்குப் போகலாமா கூடாதா என்று பேசும்போதும் ரோடு கேட்டான். கூட்டத்தின் கடைசியில் நன்றியுரை சொல்லும் மைனா, "சடையாண்டியும் ரோடு கேட்டார்" என்று சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது. அவன் மகள் வேலாயி பெரியவளாகி, கல்யாணமாகி, கர்ப்பமாகித் தகப்பன் வளைக்கு வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் கீழ்க்காட்டில் மரவள்ளித் தோட்டக் காவலுக்குப் போயிருந்தான். முள்ளம்பன்றியை மரவள்ளிக்குக் காவல் வைத்தது யார் என்று நாம் கேட்க வேண்டாம்.

கடைசியில் ரோடு வந்தது. சடையாண்டி கேட்டதால் வரவில்லை. பக்கத்துக் காட்டின் ரோட்டுக்கு, 'இயற்கைக்குக் கேடு செய்யாத ரோடு' என்று மூன்று இலைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அந்தக் காட்டுத் தலைவரின் படம் செய்தித்தாளில் வந்தது. நம் காட்டுத் தலைவர் ஒரு மந்தி. செய்தித்தாளைப் பார்த்த நாளிலிருந்து அவர் வாழைப்பழத்தைத் தோலோடு சாப்பிட ஆரம்பித்தார். அவ்வளவு கவலை.

"நமக்கு அஞ்சு இலை வேணும்," என்றார் தலைவர்.

"ரோடு?" என்று கேட்டான் சடையாண்டி.

"சான்றிதழ் வேணும்னா அதையும் போட்டுத்தானே ஆகணும் மாமா," என்றார் தலைவர்.

காண்டிராக்ட் காட்டுப்பன்றிக்குக் கிடைத்தது. தோண்டுவது அவன் பரம்பரைத் தொழில். மூடுவதுதான் அவனுக்குப் புதிது. ஆனாலும் ஊர்ப் பக்கத்திலிருந்து கரடி வீட்டு வாசல்வரை கறுப்பாக, வழவழப்பாக, வெள்ளைக் கோடு போட்டு ஒரு ரோட்டைப் போட்டு முடித்துவிட்டான். முயல் ஒரு மினி பஸ் வாங்கிக் கழுவி வைத்தது. பாதி வழியில் தூங்கிவிடும் என்று அதன் வம்சத்தின் மேல் ஒரு பழைய கெட்ட பெயர் இருந்ததால், கண்ணாடியில் 'விழித்திரு' என்று எழுதி ஒட்டிக்கொண்டது.

"சான்றிதழ் வந்ததும் திறப்பு விழா," என்றார் தலைவர். "கார்த்திகை மழைக்கு முன்னாடி பஸ் ஓடும்."

வேலாயிக்கும் கார்த்திகையில்தான் நாள் வைத்திருந்தது. சடையாண்டிக்கு நிம்மதியாக இருந்தது.

சான்றிதழ் தருவதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கொக்கு வந்தது. அது ஒரே காலில் நின்றது. இன்னொரு காலைத் தரையில் வைத்தால் புல் நசுங்குமாம். அந்த ஒரு விஷயத்திலேயே எல்லோருக்கும் அதன் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

"ரோட்டுக்காக மரம் வெட்டினீர்களா?" என்று கொக்கு கேட்டது.

"ஒண்ணுகூட வெட்டல சார்," என்றான் காட்டுப்பன்றி. "வேரோட பிடுங்கி வேற இடத்துக்கு மாத்தினோம்."

"எந்த இடத்துக்கு?"

"மரக்கடைக்கு."

"இடமாற்றம்," என்று சொல்லிக்கொண்டு கொக்கு மதிப்பெண் போட்டது.

"இங்கே வசிப்பவர்களிடம் கருத்துக் கேட்டீர்களா?"

"மீன்களைக்கூட விடல சார். வாளியில கொண்டு வந்து கேட்டோம்," என்றார் தலைவர்.

"என்ன சொன்னார்கள்?"

"எதிர்ப்பு எதுவும் சொல்லல."

மதிப்பெண். பாம்புகள் பிடித்து ஏறக் கைப்பிடி வைத்ததற்கு மதிப்பெண். விலங்குகள் ரோட்டைக் கடக்காமல் அடியிலேயே போய்வர ஓடைப் பக்கத்தில் ஒரு சுரங்கப்பாதை கட்டியிருந்தார்கள். அதற்கு நிறைய மதிப்பெண். கொக்கு முன்பே அனுப்பியிருந்த வரைபடத்தில் ஒட்டகச்சிவிங்கி குனியாமல் போகும் உயரம் என்று போட்டிருந்தது. அப்படியே கட்டிவிட்டார்கள். அந்தக் காட்டில் ஒட்டகச்சிவிங்கி கிடையாது. வந்தால் முகம் தெரிய வேண்டும் என்று, உயரமாக எது வந்தாலும் படம் எடுக்கும் ஒரு கேமராவைச் சுரங்கத் தரையில் மேலே பார்த்தபடி வைத்திருந்தார்கள்.

"நாளைக்கு விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அளவெடுப்பேன்," என்றது கொக்கு. ஒரு கருவி புகையை அளக்குமாம், ஒரு கருவி சத்தத்தை அளக்குமாம், ஒரு கருவி ரோட்டின் மேல் சக்கரம் பட்டாலும் கால் பட்டாலும் எண்ணுமாம். "நீங்கள் எப்போதும்போல இருங்கள்."

எப்போதும்போல இருங்கள் என்று ஒரு அதிகாரி சொன்னால் அந்தக் காட்டில் யாரும் எப்போதும்போல இருப்பதில்லை. அதிகாரி வருகிறார் என்றால் தெருவைக் கூட்டுவார்கள். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பொடி தூவுவார்கள். ஆடு மாடுகளைக் கட்டிப்போடுவார்கள். அதிகாரியின் கண்ணில் படும் இடத்தில் யாரும் நடக்க மாட்டார்கள். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த மரியாதை.

இந்த முறை அந்த வேலை எல்லாவற்றையும் சடையாண்டியே எடுத்துக்கொண்டான். விடியும் முன்பே ரோட்டு முனையில் போய் நின்றான். புதிதாக ஓட்டிப் பார்க்க மினி பஸ்ஸைக் கிளப்பிய முயலைக் கெஞ்சித் திருப்பி அனுப்பினான். உளுந்துச் செடியைக் காயப்போட வந்த எலிகளை விரட்டினான். ரோட்டைத் தாண்டப் போன ஆமையை, "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ ஆயா" என்று தூக்கி இந்தப் பக்கமே வைத்தான். ஒரு பட்டாம்பூச்சி ரோட்டில் உட்காரப் பார்த்தது. முள்ளைச் சிலிர்த்துக் காட்டினான்.

பொழுது சாய்ந்தது. கொக்கு கருவிகளைப் பார்த்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தது. புகை இல்லை. சத்தம் இல்லை. சக்கரம் இல்லை. கால் இல்லை.

"உலகத்தில் இப்படி ஒரு ரோட்டை நான் பார்த்ததில்லை," என்றது. சந்தோஷத்தில் இரண்டாவது காலையும் ஊன்றிவிட்டது. ஐந்து இலை.

கைதட்டல் அடங்கிய பிறகு கொக்கு ஒன்று சொன்னது. "ஆண்டுதோறும் வந்து பார்ப்பேன். கருவிகள் இங்கேயே இருக்கும். இன்றைக்கு இருந்த அளவுக்கு மேல் எது கூடினாலும் ஒரு இலை உதிரும். இலை உதிர்ந்தால் ரோட்டுக்கு நாங்கள் கொடுத்த நிதியைத் திருப்பித் தர வேண்டும்."

தலைவர் மட்டும் இன்னும் கைதட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கை நின்றது.

மறுநாள் ரோட்டின் இரண்டு முனையிலும் தடுப்புக் கட்டை போட்டார்கள். ரோட்டில் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு நாயைக் காவலுக்கு வைத்தார்கள். முனையில் ஐந்து இலையும் பொறித்த சான்றிதழ்ப் பலகையை நட்டார்கள். கெட்டித் தகரம். ரோட்டில் போட்டிருக்க வேண்டிய கெட்டியையெல்லாம் காட்டுப்பன்றி அந்தப் பலகையில் போட்டிருந்தான். பக்கத்துக் காட்டிலிருந்து பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டுச் சேற்றுப் பாதையில் திரும்பிப் போனார்கள்.

கார்த்திகை வந்தது. மழை பிடித்துக்கொண்டது. ரோடு மேடாக இருந்ததால் அதன் மேல் விழுந்த தண்ணீரெல்லாம் பக்கத்துப் பழைய பாதையில் இறங்கியது. முன்பு கணுக்கால்வரை இருந்த சேறு இப்போது முட்டிவரை ஏறியது. அப்படி ஒரு மத்தியானத்தில் வேலாயிக்கு வலி எடுத்தது.

சடையாண்டி மகளை மெதுவாக நடத்திக்கொண்டு ரோட்டு முனைக்கு வந்தான். முயல் மினி பஸ்ஸோடு தயாராக நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ரோடு நனைந்து பளபளத்துக்கொண்டிருந்தது.

"கட்டையைத் தூக்கு தம்பி," என்றான் சடையாண்டி.

"அண்ணே, வேற என்ன வேணா கேளுங்க," என்றது நாய். "சக்கரம் பட்டா மெஷின்ல ஏறிடும்."

"நடந்து போறோம்."

"காலும் ஏறும் அண்ணே. நீங்கதானே அன்னிக்குப் பட்டாம்பூச்சியக்கூட விடல?"

சடையாண்டி கட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்தான். குடை பிடித்துக்கொண்டு தலைவர் ஓடி வந்தார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஐந்து இலையும் அவர்களுடையது.

"அஞ்சு இலை மாமா," என்றார் தலைவர். கண் கலங்கியிருந்தது. "இந்தப் பக்கம் யாருக்கும் கிடையாது. ஒண்ணு உதிர்ந்தாலும் பக்கத்துக் காட்டான் சிரிப்பான். நிதிக்கு நான் எங்கே போவேன்?"

"பொண்ணு துடிக்கிறா தலைவரே."

"டோலி கட்டுவோம். நானே ஒரு பக்கம் தூக்கறேன்."

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். நரி திரும்பி நின்று முதுகைக் காட்டியது. பொம்மியின் முள் குத்திய தழும்புகளில் இன்னும் முடி முளைக்கவில்லை.

"தூக்க மாட்டேன்னு சொல்லல," என்றது நரி. "அன்னிக்கு நாங்க அத்தனை தடவை இறக்கி வைக்காம இருந்திருந்தா பொம்மியக்கா பொழச்சிருப்பா. துணியில கட்டினா இன்னிக்கும் இறக்கத்தான் செய்வேன். அதான் பயமா இருக்கு."

வேலாயி பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, அவங்களுக்குக் குத்துமே," என்றாள்.

சடையாண்டி சான்றிதழ்ப் பலகையை அண்ணாந்து பார்த்தான். பிறகு நாயைப் பார்த்துக் கேட்டான்.

"நீ ரோட்டுக்குக் காவலா, போர்டுக்குக் காவலா?"

"ரோட்டுக்குத்தான் அண்ணே. போர்டப் பத்தி யாரும் எதுவும் சொல்லல."

சடையாண்டி பலகையின் காலடியில் தோண்ட ஆரம்பித்தான். முள்ளம்பன்றி தோண்டினால் நேரம் ஆகாது. காட்டுப்பன்றியும் சேர்ந்துகொண்டான், நட்டவனுக்குத்தானே தெரியும், எவ்வளவு ஆழத்தில் நட்டான் என்று. பலகை சாய்ந்தது. முட்டுக் கால்களைக் கழற்றிவிட்டு, இலைகள் அடிப்பக்கம் இருக்கும்படி தகரத்தைக் கிடத்தி, வேலாயியை அதன் மேல் படுக்க வைத்தார்கள். முள் தகரத்தில் கிறீச்சிட்டது. தகரத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு முள்ளும் கீழே வரவில்லை.

"ஐயோ, சான்றிதழ்!" என்றார் தலைவர்.

"ஒரு இலையும் நனையாது தலைவரே. தலைக்கு மேல வெச்சுத் தூக்கிட்டுப் போறோம்," என்றது நரி.

நான்கு மூலையில் நரி, மிளா, காட்டுப்பன்றி, தலைவர். மிளா உயரம், மற்றவர்கள் குட்டை; வேலாயி ஒரு பக்கமாகச் சரிந்தே வந்தாள். தலைவர் கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கவே நாய் வந்து அவர் மூலையைப் பிடித்துக்கொண்டது. "எங்க போற?" என்று தலைவர் கேட்டார். "ரோட்டுல யாராவது போறாங்களான்னு பக்கத்துலேருந்து பாக்கறேன் தலைவரே," என்றது நாய்.

ரோட்டை ஒட்டிய சேற்றில் அப்படியே போனார்கள். தாண்டக்கூடிய தூரத்தில் ரோடு கூடவே வந்தது. ஒருத்தரும் அதன் மேல் கால் வைக்கவில்லை. ஓடை வந்ததும் பழைய பாதை ரோட்டுக்கு அடியில் இருந்த சுரங்கத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனது. தகரத்தைத் தலைக்கு மேல் தூக்கியவர்கள் குனிய வேண்டியிருக்கவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் உயரம். ஓடைக்கரையில் நரி வழக்கத்தில், "கொஞ்சம் இறக்கிக்கலாமா?" என்று கேட்டுவிட்டது. சடையாண்டி திரும்பிப் பார்த்தான். "வேணாம், வேணாம். குத்தல," என்றது நரி.

கரடி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சரியான நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க," என்றாள். "ரோட்டுலயா வந்தீங்க?"

"ரோட்டுக்குப் பக்கத்துல வந்தோம்," என்றான் சடையாண்டி.

பொழுது இறங்கும்போது வேலாயிக்கு இரட்டைக் குட்டி பிறந்தது. முள் இன்னும் பூப்போல இருந்தது. தலைவர் வாங்கிக் கொஞ்சினார்.

அடுத்த ஆண்டு கொக்கு வந்தது. கருவிகளில் எதுவும் ஏறவில்லை. சுரங்கக் கேமராவைத் திறந்து பார்த்தது. அதில் ஒரே ஒரு படம் இருந்தது. தரையிலிருந்து எடுத்த படம். மழையில் நனைந்த நான்கு விலங்குகள், சேறு வழியும் முகத்தோடு, ஐந்து இலைச் சான்றிதழைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துச் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். பலகையின் ஓரத்தில் கதிர்போல வெள்ளையும் கறுப்புமாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன அலங்காரம்?" என்று கொக்கு கேட்டது.

"உள்ளூர் வழக்கம் சார்," என்றார் தலைவர்.

கொக்கு மறுபடியும் இரண்டாவது காலை ஊன்றிவிட்டது. ரோட்டின் மேல் இவ்வளவு பாசம் வைத்த ஜனங்களை அது எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. அதுவரை இல்லாத ஆறாவது இலையை அங்கேயே உண்டாக்கிக் கொடுத்தது.

ஆறு இலைக்குப் பழைய பலகையில் இடம் போதவில்லை. இன்னும் பெரிய தகரம் வந்தது. யானைகள் அதைச் சுற்றி வந்து, ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பழைய பலகையைச் சடையாண்டியிடம் கொடுத்துவிட்டார்கள். யாருக்கு முடியாமல் போனாலும் வந்து கேட்டு எடுத்துப் போகிறார்கள். கழுவித் திருப்பித் தருகிறார்கள். மற்ற நேரங்களில் அது அவன் வளை வாசலில் சாத்தியிருக்கிறது. பின்பக்கம் முழுக்க வேலாயியின் முள் கீறிய கோடுகள் இருக்கின்றன.

நீதி: ரோடு கேட்டுக் காலத்தை வீணாக்காதீர்கள், சான்றிதழைக் கேளுங்கள். காகிதத்தில் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆள் படுக்கிற அகலத்தில், கெட்டித் தகரத்தில் கேளுங்கள்.