பெலாங்கோவுக்கு இரண்டு நாற்காலி

"ரெண்டு பேரும் ஒரே ரூம்லயா இருக்காங்க?" லோகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆமா சார். சேலையூர்ல, தனம்னு ஒரு அம்மா வீட்டு மாடியில. ஒரே சட்டியில சமைச்சு சாப்பிடறாங்க" என்றார் சின்னப்பன், நல்ல சேதி கொண்டுவந்த முகத்தோடு. கம்பெனியை இழுத்து மூடிய பிறகும் வந்துகொண்டிருந்த மேனேஜர் அவர்.

"போச்சு. எல்லாம் போச்சு!"

லோகநாதன், பெலாங்கோ குடியரசின் கௌரவத் தூதர். அந்த ஆப்பிரிக்க நாட்டுக்கு ஒரு காலத்தில் பம்ப் செட் அனுப்பியதற்காகக் கிடைத்த பதவி. சம்பளம் கிடையாது, காரில் கொடி வைத்துக்கொள்ளலாம். பம்ப் செட் வியாபாரம் படுத்துவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அமெரிக்காவிலிருக்கும் மகன் பொங்கலுக்குப் பொங்கல் பேசுவான். மிச்சம் இருந்தது அந்தக் கொடிதான். அது படபடக்கும்போது மட்டும் சிட்லபாக்கத்தில் யாராவது ஒருவர் அவருக்கு வணக்கம் வைப்பார்.

அந்தக் கொடிக்குத்தான் இப்போது ஆபத்து. பெலாங்கோவில் தேர்தல் முடிந்ததும் வடக்கத்தித் தலைவரும் தெற்கத்தித் தலைவரும் தனித்தனியே ஜனாதிபதியாகப் பதவியேற்றுவிட்டார்கள். தெருவெல்லாம் துப்பாக்கிச் சூடு. டெல்லியில் இருந்த பெலாங்கோ தூதர், தான் எந்த ஜனாதிபதிக்குத் தூதர் என்று தெரியாமல், ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தாம்பரம். கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'பெலாங்கோவின் நிலைத்தன்மைக்குச் சர்வதேச ஆதரவு' மாநாடு. மேடையில் ஒரு வடக்கத்தியாரும் ஒரு தெற்கத்தியாரும் கைகுலுக்க வேண்டும். படம் நன்றாக விழுந்தால் லோகநாதனுக்குப் பதவி நீட்டிப்பு.

அந்த நாட்டுக்காரர்கள் இந்தப் பக்கத்தில் இரண்டே பேர். என்ஜினியரிங் மாணவர்கள். மோசே வடக்கு, இம்மானுவேல் தெற்கு.

"ஏற்கெனவே ஒண்ணா இருக்கறவங்களை மேடையில எப்படிய்யா ஒண்ணு சேர்க்கறது?" என்று எரிந்து விழுந்தார் லோகநாதன். "போட்டோவுல ஒரு உருக்கம் வேணாமா? முதல்ல பிரிக்கணும்."

பிரித்தார். இம்மானுவேலைத் தன் வீட்டு விருந்தினர் அறைக்குக் கொண்டுவந்தார். "மாநாடு முடியறவரைக்கும் ரெண்டு தரப்பும் நேரா பேசிக்கக் கூடாது. போன்லகூட. எல்லாம் என் மூலமாத்தான். உலக வழக்கம்."

"இன்னா அங்கிள் இது? அவன் தனியா துன்னமாட்டான்" என்றான் இம்மானுவேல்.

மூன்று வருடம் தனத்திடம் கற்ற தமிழ். வெளிநாட்டுப் பிரதிநிதி ஒருவர் இப்படிப் பேசுவது லோகநாதனுக்கு வேதனையாக இருந்தது.

அடுத்த சிக்கல், நாற்காலி. மண்டபத்து மேடையில் இருந்தது மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபா. "அதுலயே குந்திக்கிறோம்" என்றான் இம்மானுவேல். இரண்டு தரப்பு ஒரே சோபாவில் உட்கார்ந்தால் அப்புறம் மாநாடு எதற்கு? ஆளுக்கொரு நாற்காலி, நடுவில் டெல்லித் தூதர் என்று லோகநாதன் முடிவு செய்தார். பையன் ஏன் ஏன் என்று கேட்டதால், "மோசே உன் பக்கத்துல உட்கார மாட்டாராம்ப்பா" என்று சொல்லி வைத்தார்.

அன்றைக்கு இம்மானுவேலுக்கு வைத்த இட்லி அப்படியே இருந்தது.

சனிக்கிழமை மோசேயைப் பார்க்கப் போனபோது புதுத் தலைவலி. அவன் சட்டைக் கையில் ஒரு கறுப்புத் துணி தைத்திருந்தது.

"இது எந்தக் கட்சி தம்பி?"

"கட்சி இல்ல அங்கிள். இது வந்து..."

"எதுவா இருந்தாலும் மேடையில சின்னம் கூடாது. எடுத்துடு."

"எடுக்க மாட்டேன்." சாதுவான பையனின் குரல் உயர்ந்தது.

கொடி ஒருமுறை லோகநாதன் கண்முன் ஆடி நின்றது. "நானா சொல்றேன்? இம்மானுவேல் ஆட்சேபம் பண்றார். அந்தத் துணி இருந்தா மேடையே ஏற மாட்டாராம்."

மோசே அவரையே பார்த்தான். "இம்மானுவேல் சொன்னானா? இந்தத் துணியவா?"

"அவரேதான்."

மோசே நூலைப் பல்லால் கடித்து மெதுவாகப் பிரித்தான். துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"பாத்தியா சின்னப்பா?" என்றார் லோகநாதன், படியிறங்கும்போது. "இதுக்குப் பேர்தான் ராஜதந்திரம்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது; மதியம் பிரியாணி என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். தூதர் நிலைத்தன்மையைப் பற்றி நெடுநேரம் பேசினார். பிறகு இரண்டு பையன்களின் கையையும் பிடித்து நடுவில் சேர்த்தார். மோசே கையை உதறினான். இம்மானுவேல் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டான். மோசே அவனைப் பிடித்துத் தள்ள, இம்மானுவேல் வெல்வெட் சோபாவில் போய் விழுந்தான். அவன் திருப்பி அடிக்கவில்லை. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். போட்டோகிராபர் அதைத்தான் எடுத்தார்.

தூதர் பிரியாணி சாப்பிடாமல் கிளம்பினார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை, 'பெலாங்கோ கலவரம் தாம்பரத்துக்கும் பரவியது' என்று படத்தோடு எழுதியது. சாயங்காலமே டெல்லியிலிருந்து போன் வந்துவிட்டது. லோகநாதன் தானே கொடியைக் கழற்றி, மனைவியின் புடவைகள் இருந்த பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பையன்களையாவது சமாதானப்படுத்தலாம் என்று சேலையூர் போனார். கொடியில்லாத காருக்கு வழிநெடுக யாரும் திரும்பவில்லை. தனத்தின் வீட்டு வாசலில் 'டூ லெட்' பலகை தொங்கியது.

"காலி பண்ணிட்டாங்க சார்" என்றாள் தனம். "ஆளுக்கொரு ஆட்டோ. ஆளுக்கொரு பக்கம். அந்தச் சட்டிய ரெண்டு பேருமே எடுத்துக்கல."

லோகநாதன் பெருமூச்சு விட்டார். "என்னால ஆனதைச் செஞ்சேன்மா. அவங்க ஊர்ப் பகை, நம்மால என்ன பண்ண முடியும்? அந்த மோசே, ஒரு கறுப்புத் துணிக்கு என்னா பிடிவாதம்! அவ்வளவு கட்சி வெறி."

"கட்சியா? போன மாசம் மோசேயோட அப்பாவ தெக்கத்தி ஆளுங்க சுட்டுட்டாங்கன்னு போன் வந்துச்சு சார். அதுக்கோசரம் வெச்ச துக்கத் துணி அது."

தனம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஊசி நூலு வாங்கிகினு போய், அத்த அவன் சட்டையில தச்சு வுட்டதே இம்மானுவேலுதான்."