சாத்தானுக்குப் போட்ட ஏழு முடிச்சு

என்ரை கை வலைக்குப் போட்ட முடிச்சு கடலிலை ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. பெருமைக்குச் சொல்லேல்லை. நான் செய்த குற்றமே அதுதான்.

நாலைஞ்சு வருசத்துக்கு முன்னம், தவக்காலத்திலை, எங்கடை கோயில் முற்றத்திலை ஒரு நாடகம். உடுப்புத் தைக்கிறதும் முகமூடி செய்யிறதும் என்ரை பொறுப்பு. (ஆரும் தரேல்லை. நானே போய்க் குந்திட்டன்.) பழைய பேப்பரைக் கிழிச்சு, கோதுமைமாப் பசையிலை தோய்ச்சு, சோத்துப் பானைக்கு மேலை ஒட்டிக் காயவிட்டுச் சாத்தான்ரை முகம் செய்தன். கொம்பும் பல்லும் வைச்சாப் பிறகு பாத்தால், என்ரை மனிசன் காலமை தேத்தண்ணி இல்லாமல் எழும்பின மாதிரியே இருந்தது. அவ்வளவு வடிவு.

சாத்தானா நடிச்சது என்ரை மருமோன் யூட். அவருக்கு அதுதான் முதல் நாடகம். ஒத்திகையிலை ரெண்டுதரம் முகமூடி கழண்டு விழுந்திட்டுது. நாடகம் பழக்கின அண்ணாவியார் என்னைத் தனியக் கூப்பிட்டார்.

"ஆச்சி, மேடையிலை இது விழுந்துதெண்டால், வாற வருசம் பிலோமினாதான் முகமூடி செய்வா. சொல்லிப்போட்டன்."

பிலோமினா! ஊசியிலை நூல் கோக்கவே மூண்டு பேரைக் கூப்பிடுறவள். அந்த நாளிலையிருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை.

நாடகம் தொடங்க முன்னம், முகமூடியைப் பிடிச்சிருந்த அந்த விசர் இலாஸ்டிக்கைப் பிடுங்கி எறிஞ்சன். ஓட்டை போட்டு, வலைநூல் கோத்து, யூட்டின்ரை பிடரியிலை வைச்சு இறுக்கினன். வலைக்குப் போடுற முடிச்சுத்தான். இழுக்க இழுக்க இறுகும். ஒண்டு காணாதெண்டு ஏழு போட்டன்.

"மாமி, மூச்சு விடலாமோ?"

"கொஞ்சமா விடும் தம்பி."

சாத்தான் குதிச்சார், உருண்டார். முகமூடி அசையேல்லை. நான் திரைக்குப் பின்னாலை நிண்டு, சனத்துக்கை இருந்த பிலோமினாவைப் பாத்து ஒரு சிரிப்பு விட்டன்.

கடைசிக் காட்சி வந்தது. சம்மனசு, அதுதான் தேவதூதன், வாளை ஓங்கும். சாத்தான் முகமூடியைத் தானே கழட்டி எறிஞ்சு, முழங்கால்ல நிண்டு மன்னிப்புக் கேக்கவேணும். நாடகமே அதுக்காகத்தான்! ஒத்திகையிலை பத்துத்தரம் பாத்தனான். யூட் ரெண்டு கையையும் முகத்திலை வைக்கேக்கைதான் எனக்கு நினைவு வந்தது.

இழுத்தார். இறுகிச்சுது. இன்னும் இழுத்தார்.

"மன்னிப்புக் கேள்!" எண்டுது சம்மனசு. திரும்பவும் "கேள்!" எண்டுது. ஓங்கின வாளை மற்றக் கைக்கு மாத்துது. முன்வரிசையிலை சுவாமியார் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார்.

கத்தரிக்கோல் மட்டை வெட்டி மொட்டையாக் கிடந்தது. மடியிலை நூல் அறுக்கிற சின்னக் கத்திதான் இருந்தது. கால் எப்பிடிப் போச்சோ தெரியாது, மேடையிலை நிக்கிறன். ஒரு காலிலைதான் செருப்பு. போய்ச் சாத்தான்ரை பிடரியைப் பிடிச்சன்.

சாத்தானுக்குக் கழுத்திலை மைக் கட்டியிருந்தது. முற்றம் முழுக்கக் கேட்டுது:

"ஐயோ மாமி, காது! காது கவனம் மாமி!"

சனத்துக்கை ஆரோ கத்தினான்: "எணை ஆச்சி, விடாதையணை!"

எனக்கு வேர்த்துக் கொட்டுது. காது அறுந்தால் மகளுக்கு என்ன சொல்லுறது? ஒண்டு, ரெண்டு எண்டு ஏழும் அறுத்தன். முகமூடி விழுந்தது. யூட் திரும்பினார், கத்தியைக் கண்டார். சம்மனசை மறந்துபோய் எனக்கு முன்னாலை தொப்பெண்டு முழங்கால்ல விழுந்தார்.

"என்னை மன்னியும்!"

அப்பிடி ஒரு கைதட்டல் அந்த முற்றம் கண்டதில்லை.

அடுத்த வருசம் முகமூடி வேலை பிலோமினாவுக்குப் போயிட்டுது. (மூண்டுதரம் விழுந்தது. எண்ணினனான்.)

இண்டைக்கும் யூட் கடலுக்குப் போகேக்கை நான் சோத்துப் பொதியைக் கட்டிக் குடுத்தால், வாசல் படலையடியிலை நிண்டு முடிச்சுகளைத் தடவிப் பாத்துக் கேப்பார்:

"மாமி, இது அவிழுமோ?"

"அவிழும் தம்பி" எண்டுவன். ஏழிலை எந்த முடிச்செண்டு மட்டும் சொல்லமாட்டன்.