கடை பார்க்க வந்தவர்கள்

“தாத்தா, நம்ம கடைக்குள்ள ஒருத்தருமே இல்ல. வாசப்படியில மட்டும் ஏன் இவ்ளோ பேரு?”

பேத்தி குந்தவை கேட்ட இந்தக் கேள்விதான் துரைராசுவின் தூக்கத்தைக் கெடுத்தது.

திருவாரூர் சாலையில், பேருந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அந்தக் கடை. மனைவி தங்கமணியின் பிறந்தவீட்டு நிலத்தை விற்றுக் கட்டியது. மாசியில் கட்டி முடித்தார். புரட்டாசி முடியப்போகிறது, இன்னும் காலி. துபாயில் இருக்கும் மகன் இளஞ்செழியன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

“தீபாவளிக்கு வர்றேன்ப்பா. அதுக்குள்ள ஆளு வரலன்னா கட்டடத்தை வித்துடுவோம்.”

கடை பார்க்க ஆள் வராமல் இல்லை. துரைராசு வயலில் இருக்கும்போதுதான் வருவார்கள். பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து தங்கமணி சாவியோடு போய்த் திறந்து காட்டுவாள். வந்தவர்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான்.

“என்னடி சொன்னாங்க?”

“கடை புடிச்சிருக்குன்னாங்க.”

“அப்பறம் ஏன்டி ஒருத்தனும் திரும்பி வரல?”

தங்கமணி சாமி விளக்குக்கு எண்ணெய் விடப் போய்விடுவாள்.

பக்கத்துத் தெரு நாணு, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்கு எந்தச் சிக்கல் என்றாலும் யோசனை சொல்வார். கடையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, படியைக் காட்டினார்.

“வாசல்லயே இப்படிச் சந்தை கூடினா எவன் வருவான்? முதல்ல இதைக் காலி பண்ணுங்கோ.”

படியில் தினமும் காலையில் ஹபீபுன்னிசா இடியாப்பம் விற்பாள். முழங்கால் வலிக்காரி, தாழ்வான ஒரு மணையில் உட்கார்ந்திருப்பாள். பேருந்துக்கு நிற்பவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

துரைராசுவுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது போலிருந்தது.

“ஏம்மா, கடை பாக்க வர்றவங்ககிட்ட என்ன ஓதி விடுறே நீ?”

“நான் என்னண்ணே சொல்லப்போறேன்? கேட்டா நல்லவருன்னுதான் சொல்லுவேன்.”

“நடிக்காத! எம்படியில உக்காந்துகிட்டு எனக்கே குழி பறிக்கிறியா?”

அவள் பதறி எழுந்ததும் மணையைத் தூக்கிச் சாலையோரம் எறிந்தார். அதன் கால் ஒன்று ஒடிந்தது. ஹபீபுன்னிசா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டாள்.

“விடுங்கண்ணே, பழசுதான்.”

அவள் எதிர்ப்பக்கம் போய் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். துரைராசு படிக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டுப் பெரிய பூட்டாகப் பூட்டினார்.

மூன்றாம் நாள் பால்காரர் மெதுவாகக் கேட்டார். “பேங்க்காரங்க கடையை ஜப்தி பண்ணிட்டாங்களாமே, நெசமா?”

“எவன் சொன்னான்? எவன்யா சொன்னான்?”

ஊரே சொன்னது.

“கவலைப்படாதீங்கோ. ஒரு கணபதி ஹோமம் பண்ணுங்கோ. வாழைமரம் கட்டி, ரேடியோ வைங்கோ. பேச்சு அடங்கிடும்” என்றார் நாணு.

சங்கிலியை ஒருநாள் கழற்றிவைத்துவிட்டு ஹோமம் நடந்தது. வாழைத்தார் ஒன்று சரிந்து ‘வாடகைக்கு’ என்ற பலகையை மறைத்ததை யாரும் கவனிக்கவில்லை. புதுக் கடை திறந்துவிட்டது என்று நினைத்து நான்கு பேர் தாம்பூலத்தட்டோடு வந்து வாழ்த்தினார்கள். ஒருவர் யூரியா கேட்டார். இல்லை என்றதும், “இல்லாததுக்கு எதுக்குய்யா திறந்தீங்க?” என்று சண்டைக்கு வந்தார். மயிலாடுதுறையிலிருந்து கடை பார்க்கவே வந்த ஒருவர், “அடடா, கடைய வாடகைக்கு விட்டுட்டாங்களே” என்று காரைவிட்டு இறங்காமலே போய்விட்டார்.

“வெறும் கடைன்னாலே பாக்க மூதேவி மாதிரிதான் இருக்கும். உள்ளே ஏதாவது நிறைவா வைங்கோ. லட்சுமி தெரியணும்” என்றார் நாணு, சளைக்காமல்.

துரைராசுவிடம் இருந்த லட்சுமி குறுவை நெல்தான். நாற்பது மூட்டையைக் கொண்டுவந்து, சாலையிலிருந்து பார்த்தால் தெரியும்படி அழகாக அடுக்கினார்.

மறுநாள் மத்தியானம் சாலையில் டிராக்டர் சத்தம். எட்டிப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து டிராக்டர்கள், நெல்மூட்டைகளோடு கடை வாசலில் நின்றன. முதல் வண்டியிலிருந்து இராஜாங்கம் என்ற விவசாயி குதித்து இறங்கினார்.

“சார், டோக்கன் குடுங்க.”

“என்ன டோக்கன்? யாருய்யா சார்?”

“புது நெல் கொள்முதல் நிலையம் திறந்தாச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. வாழைமரம் கட்டி, பாட்டெல்லாம் போட்டீங்களாமே?”

“இது வாடகைக் கடைய்யா!”

“அப்ப உள்ள இருக்கறது?”

“அது எந்நெல்லு!”

“ஓகோ! உங்க நெல்லு மட்டும் உள்ள போகும், எங்க நெல்லு வெளிய நிக்கணுமா? நல்ல நியாயம்! ஈரப்பதம் பாருங்க, வேணும்னா கடிச்சுப் பாருங்க சார்!”

“நான் எதுக்குய்யா கடிக்கணும்? வண்டிய எடுங்க! எடுங்கங்கறேன்!”

துரைராசு கத்திக்கொண்டிருக்கும்போதே கிழக்கே வானம் கறுத்தது. இரண்டு பெரிய துளிகள் மூட்டையின் மேல் விழுந்தன. இராஜாங்கம் சண்டையை மறந்து மேலே பார்த்தார். ஐந்து வண்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு தார்ப்பாய்தான், அதுவும் கிழிசல்.

நனையும் நெல்லை நின்று பார்க்க எந்த விவசாயிக்கும் மனம் வராது. துரைராசுவுக்குக் கோபம் இரண்டு மடங்காகியது.

“என்னய்யா வேடிக்கை பாக்கறீங்க? மழைய வரவேற்கவா வந்தீங்க? தூக்குங்கய்யா உள்ள! டைல்ஸாவது, மண்ணாங்கட்டியாவது!”

படிக்குக் குறுக்கே இருந்த சங்கிலியைக் கழற்றி எறிந்தார். தானே முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார். எதிர்ப்பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த ஹபீபுன்னிசாவைப் பார்த்து, “உனக்குத் தனியா பத்திரிகை வைக்கணுமா? உள்ள வாம்மா!” என்று இரைந்தார்.

தங்கமணி சுக்குக் காப்பி போட்டு எடுத்துவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். கணவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு நாளில் மூட்டைகள் போய்விட்டன. சேறும் கீறலும் மிஞ்சின. துரைராசு தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றான்.

“நான் அஸாருங்க. மெடிக்கல் ஷாப் வைக்கணும். சாவி குடுங்க.”

“தரையெல்லாம் பாழாக் கெடக்கு தம்பி. நாலு நாள் கழிச்சு வந்து பாருங்க.”

“பாக்கறதுக்கு என்ன இருக்கு? சித்திரையிலயே பாத்துட்டேன்.”

துரைராசு துடைப்பத்தைப் போட்டார். “அப்ப ஏன் வரல? அந்த இடியாப்பக்கார அம்மாதானே வேண்டாம்னு சொன்னாங்க?”

“சேச்சே! அவங்க, ‘தங்கமான மனுஷர்’னாங்க. ‘கடை நல்லாருக்கும் தம்பி; அவரோட உங்களால காலம் தள்ள முடியாது. நான் பொய் சொல்ல மாட்டேன்’னு சொன்னது உங்க வீட்டம்மாதான். அவங்களே முந்தாநாள் போன் பண்ணி, ‘இப்ப வாங்க, அவரு நல்லவருன்னு இனிமே கூசாம சொல்லலாம்’னாங்க!”

மறுநாள் பொழுது விடிவதற்கு முன், முதல் பேருந்துகூட வராத நேரத்தில், துரைராசு படியில் ஒரு புது மணையை வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். முழங்கால் வலிக்கு இதமாக, அது பழையதைவிட நான்கு விரல்கடை உயரமாக இருந்தது.