நூறு வருஷம் அண்ணன் போட்ட டீ

அந்தமானைச் சுற்றியுள்ள கடல் வற்றினாலும் வற்றும், எங்கள் ஆபீஸ் ‘நூறு வருஷம்’ அண்ணன் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். சாம்பார் எப்படி என்று கேட்டால், “எத்தன வருஷக் கணக்குல?” என்பார். மெயின்லேண்ட் கப்பல் வராவிட்டால், “நூறு வருஷக் கணக்குல பாத்தா கரெக்ட் டைம்தான் தம்பி!”

எல்லாம் மீத்தேன் செய்த வேலை. எங்கள் கம்பெனியின் ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டில் சமையல் கழிவு குழியில் அழுகி மீத்தேனாகக் கிளம்பும். போர்ட்பிளேரில் உட்கார்ந்து நாங்கள் அதற்குக் கணக்கு எழுதுவோம். பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ மீத்தேன் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்? நூறு வருஷத்துக்குப் பார்த்தால் இருபத்தெட்டு. இருபது வருஷத்துக்குப் பார்த்தால் எண்பதைத் தொடும்.

நான் அப்போது தற்காலிக ஊழியன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். வேலை நிரந்தரமாகும் செய்திக்காக வண்டூர் கிராமத்தில் வீடே காத்திருந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். “விஞ்ஞானிங்க இப்ப இருபத்தேழுங்கிறாங்க. இந்த வருஷத்துக்கு அதப் போடு. போன வருஷம் இருபத்தெட்டாவே இருக்கட்டும். மீத்தேன் குறைஞ்சிருச்சுன்னு நமக்கு ஆள் அனுப்புற டூர் கம்பெனிக்கு அனுப்பு, அவ்வளவுதான்! கணக்கு குறையலன்னா ஆபீஸ்ல ஒரு ஆள் குறையும்.”

அண்ணன் எழுந்தார்.

“அரே சார், போன வருஷம் வேட்டியோட எடை பாத்துட்டு, இந்த வருஷம் அவுத்துப் போட்டு ஏறி நின்னு, ‘இளைச்சுட்டேன்’னா எப்படி?”

இரண்டு வருஷத்துக்கும் இருபத்தேழே போட்டார். மீத்தேன் கூடியிருந்தது! போதாதென்று, இருபது வருஷக் கணக்கையும் கீழே தனியாக எழுதினார். மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“எவன்யா இதுல கையெழுத்துப் போடுவான்?”

“நான்தான். பையனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“அப்ப போய் அந்தக் குழி பக்கத்துலயே உக்காரு!”

ஹேவ்லாக்குக்கு மாற்றல். பெண் பார்க்கப் போகிறவர்போல் தலை வாரிக்கொண்டு படகேறினார். ஆள் குறைந்துவிட்டதால் இருந்த என்னை நிரந்தரமாக்கினார்கள்.

பிறகு ஒருமுறை ஹேவ்லாக் போனேன். குழியை மூடியிருந்தார். கழிவையெல்லாம் மூடிய டிரம்மில் போட்டு, வரும் வாயுவைக் குழாய் வழியே அடுப்புக்கு இழுத்திருந்தார். அதில்தான் டீ போட்டுக் கொடுத்தார்.

“எப்படியிருக்கு?”

“எத்தன வருஷக் கணக்குல அண்ணே?”

படகுத்துறை வரை கேட்டிருக்கும், அப்படிச் சிரித்தார்.

வாயில் வைக்க முடியாத டீ. கேட்டு வாங்கி இன்னொரு தம்ளர் குடித்தேன்.