எட்டு ஓம் ஸ்பீக்கரும் என் நூற்றிருபது மடங்கும்

பாடம் நடத்தியவனே அந்தப் பாடத்தில் தோற்பது வெட்கக்கேடு. நான் தோற்றது விராலிமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில், பேத்தியின் காதுகுத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால்.

பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டுகள் மின்னணுவியல் நடத்தி ஓய்வு பெற்ற புதிது. மைக்செட் போட வந்த காதர் பாயின் ஆம்ப்ளிஃபயரை ஒதுக்கிவிட்டு, ஒற்றை டிரான்சிஸ்டரில் நானே செய்ததை அவருடைய ஸ்பீக்கரில் மாட்டச் சொன்னேன்.

"சார், இது ஸ்பீக்கரை இழுக்குமாங்க?"

"நூத்தி இருபது மடங்கு பெருக்கும் பாய். ஆசிலோஸ்கோப்புல அளந்துட்டேன்." (அளந்தது உண்மை. ஸ்பீக்கரை மாட்டி அளக்கவில்லை.)

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீரோடு வாசலில் நிற்பார். மைக்கில் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் உள்ளே கால் வைப்பார். மருமகளின் அண்ணன் செல்வராசு இதற்காகவே குவைத்திலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தான். சீர்த்தட்டு ஏந்திய உறவுக்கூட்டம் பின்னால் நிற்க, வெயிலில் காத்திருந்தான்.

மைக்கில் அவன் பெயரைச் சொன்னேன். ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. மூன்று முறை சொன்னேன். வாசலில் ஒரு பெரியவர், "கூப்புடவே மனசில்ல, எதுக்குப்பா நிக்கிற? வண்டியத் திருப்பு" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மருமகள் ஓடி வந்தாள். "மாமா, அண்ணன் கெளம்புறாங்க மாமா." கண் நிறைந்திருந்தது.

அப்போது நான் செய்ததுதான் பாவம். காதர் பாயைக் கைகாட்டி, "எரிஞ்சுபோன ஸ்பீக்கரைக் கொண்டாந்திருக்காரு" என்றேன், சபைக்கே கேட்கும்படி.

அவர் அதே ஸ்பீக்கரில் தன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மாட்டி, "தாய்மாமன் செல்வராசு அவர்களே, வாங்க, வாங்க" என்றார். மண்டபம் அதிர்ந்தது. செல்வராசு சீரோடு உள்ளே கால் வைத்தான்.

கணக்கு அப்போதுதான் மனதில் ஓடியது. என் கருவியின் வெளியீட்டு மின்தடை மூவாயிரம் ஓம். ஸ்பீக்கர் எட்டே ஓம். பெருக்கியதெல்லாம் கருவிக்குள்ளேயே தங்கிவிட, வெளியே வந்தது மைக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. குரலைச் சுருக்க ஒரு கருவி செய்திருக்கிறேன். இதே தவறுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு முட்டை போட்டவன் நான்.

பாயிடம் மன்னிப்புக் கேட்டேன், தனியாக, மெதுவாக. பழி சபையில், மன்னிப்பு மூலையில். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

செல்வராசு இன்றும் லீவில் வந்தால் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுவான். "மாமா, பேரு இன்னும் வரலீங்களே." நான் தெருவுக்கே கேட்கும்படி வெறுந்தொண்டையில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டு, "ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தாம்ப்பா" என்று சேர்த்துக்கொள்வேன். வீடே சிரிக்கும். காதர் பாய்க்குத்தான் அது கேட்பதில்லை.