ராகுகாலத்தில் ஒரு மலையேற்றம்

ரேஸ் சனிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு ஆரம்பம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அதில் பரமசிவத்தின் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கோமதிக்குத் தெரிந்தது.

"சனிக்கிழமை ஒம்பதுலேருந்து பத்தரை ராகுகாலம். நெனப்பிருக்கா?"

"ரேஸ் நடத்துறவன் பெங்காலி, கோமதி. அவன் நம்ம காலண்டரையா பாப்பான்?"

"மலையில சைக்கிள் விடப்போறது அவனா, நீங்களா?"

லேக் கார்டன்ஸ் வீட்டில் அதோடு பேச்சு முடிந்தது.

பரமசிவம் துறைமுக ஆபீஸில் செக்ஷன் ஆபீசர். நாற்பத்தாறு வயது, அதற்கேற்ற தொப்பை. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த ஆறு வருஷத்தில் அவர் ஆரம்பிக்காத காரியம் கிடையாது. டாக்குரியா பக்கம் நீச்சல் கற்றது நாலு நாள். ஆர்மோனியம் மூன்று வாரம். பெங்காலி எழுத்து பாதி. மீதிப் பாதி எழுத்து இன்னும் அவருக்குக் கோலமாகத்தான் தெரிகிறது.

எட்டாவது படிக்கும் மகள் சஹானா ஒருநாள் போனில் தோழியிடம், "எங்க பாபா எதையுமே ஷேஷ் பண்ண மாட்டாரு" என்று சிரித்தாள். அப்பா எதையும் முடிக்க மாட்டாராம். பாவம், மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளே கியர் சைக்கிள் வந்தது. வடக்கே மலையடிவாரத்துச் சுக்னாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிக் கர்சியாங் வரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர் மலையேற்றம். ஏழு மணி நேரத்துக்குள் முடித்தால் சர்டிபிகேட். ஜெயிக்கிற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை, முடித்தால் போதும். சர்டிபிகேட்டை மாட்ட ஹாலில் ஆணிகூட அடித்தாகிவிட்டது.

கோமதியின் தொல்லை தாங்காமல் ரேஸ் நடத்தும் கிளப்பின் செயலாளர் கோஷ்பாபுவுக்குப் போன் போட்டார்.

"ரேஸை ஒரு ஒன்றரை மணி நேரம் தள்ளி வைக்க முடியுமா?"

"எதற்கு?"

"இல்லை என்றால், நான் மட்டும் எட்டே முக்காலுக்கே கிளம்பிவிடட்டுமா?"

"உங்கள் நம்பர் என்ன?" என்று கேட்டு, "அறுபத்து மூன்றா" என்று எழுதிக்கொண்டார் கோஷ்பாபு.

கடைசியில் கோமதியே வழி கண்டுபிடித்தாள். "பரஸ்தானம் வெச்சிருவோம். ராகுகாலத்துக்கு முன்னால உங்க சாமான் ஒண்ண வெளிய அனுப்பிட்டா, நீங்களே கெளம்பின மாதிரிதான்."

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு சுக்னாவில் ஒலிபெருக்கி விடாமல் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தது. கோமதி புருஷன் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டே, "சீக்கிரம் ஏதாவது குடுங்க" என்றாள்.

ஷூவைக் கொடுக்க முடியாது. வாட்ச் வேண்டும். ரேஸ் நம்பர் கொடுத்த கவரைத் துழாவியதில், ஆஸ்பத்திரியில் கையில் கட்டுகிற மாதிரி ஒரு பட்டை அகப்பட்டது. அதனால் என்ன உபயோகம் என்று அவருக்குப் புரியவில்லை. "இத வெச்சுக்க" என்றார்.

கோமதி அதை எலுமிச்சம்பழத்தோடு மஞ்சள் பையில் போட்டு, ரேஸின் ஆரம்பக் கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற வாடகைக் காரில் சஹானாவோடு ஏறினாள். கார் மெயின் ரோட்டில் கர்சியாங் போய்ச் சேர்ந்தது.

ஒன்பதுக்குப் பரமசிவமும் மிதித்தார். முதல் வளைவிலேயே மூச்சு இரைத்தது. அதற்கு மேல் ஒரு பச்சை ஜீப் பின்னால் வந்து ஹாரன் அடித்துத் தொல்லை கொடுத்தது. ஒதுங்கி நின்று, "போப்பா" என்று கையைக் காட்டினார். ஜீப்பும் நின்றது. டிரைவர் தலையை நீட்டிக் கையை ஆட்டி என்னவோ சொன்னான். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. முந்தத் துப்பில்லாதவனுக்கு எவன் லைசென்ஸ் கொடுத்தான் என்று பரமசிவம் வாய்க்குள் திட்டிவிட்டு மறுபடி மிதித்தார். ரேஸில் பின்னால் வருகிறவர்களுக்காகத்தான் அவன் இப்படி ஊர்கிறான் என்று பிறகு தோன்றியது. அதில் மனசுக்கு ஒரு தெம்பும் வந்தது.

பஞ்சர் ஆயிற்று, ஒட்டினார். ஒட்டிய வேகத்தில் செயின் கழன்றது, மாட்டினார். மாட்டிய கையால் முகத்தைத் துடைத்ததில் விபூதி இருந்த இடமெல்லாம் கிரீஸ். ஒரு லாரிக்காரன், "ஏறுங்க, மேல விட்டுடறேன்" என்றான். கால் இரண்டும் லாரியை நோக்கித்தான் திரும்பின. ஷேஷ் பண்ண மாட்டாரு என்ற சிரிப்பு காதில் கேட்டது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பாதி ஏற்றம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். நடக்கும்போது கொஞ்சம் அழுதார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கர்சியாங்கில் கோட்டைத் தாண்டினார். எட்டு நிமிஷம் மிச்சம். ஓடி வந்த கோமதியிடம் மூச்சு வாங்கியபடி, "எனக்குப் பின்னாலயும் ஆளுங்க வராங்க" என்றார் பெருமையாக.

கோஷ்பாபு காகிதத்தோடு வந்தார். "அறுபத்து மூன்று. உங்கள் பட்டை காலை பத்தரை மணிக்கே இந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது. நேரம் பதிகிற கருவி அதற்குள்தான் இருக்கிறது. முதலில் வந்த பையனுக்கே மூன்று மணி நேரம் ஆயிற்று. உங்களுக்கு ஒன்றே முக்கால்."

கோமதி மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டி, ராகுகாலம் முதல் பரஸ்தானம் வரை விவரித்தாள். சஹானா அதைப் பெங்காலியில் சொன்னாள்.

"ஆக, பட்டை காரில் வந்ததை ஒத்துக்கொள்கிறீர்கள். நீங்களும் வண்டியில்தான் வந்தீர்கள். தள்ளி வை, முன்னால் கிளம்புகிறேன் என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம்தான்."

"நான் மிதிச்சேன் சார்."

"யார் பார்த்தது?"

சஹானா அப்பா பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். "பாபா, நெஜமாவே நீயேதான் வந்தியா?"

ஏழு மணி நேர மலையில் வலிக்காதது அப்போது வலித்தது. பட்டை கிடந்த பையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹாலில் அடித்த ஆணி ஞாபகம் வந்தது.

அதற்குள் பச்சை ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு, டிரைவர் தமாங் டியூட்டி சீட்டில் கையெழுத்து வாங்க வந்தான். பேச்சைக் கேட்டவன் கோஷ்பாபுவிடம் நிதானமாகச் சொன்னான்:

"கடைசியா வர்றவர் பின்னாலயே போய், முடியாட்டி ஏத்திக்கிட்டு வான்னு என்னை அனுப்பினதே நீங்கதானே பாபு? மொத வளைவுலேருந்து இவர் பின்னாலதான் வரேன், பதினோரு தடவ கூப்பிட்டேன், ஏறல. கடைசி எடத்த ஒரு நிமிஷங்கூட இவர் வேற யாருக்கும் விட்டுக்குடுக்கல."