இருபத்துநாலு அடிப் பாதை

அன்பு மருமகன் பாலசுந்தரத்துக்கு, ஆண்டிமடம் காலனியிலிருந்து மாமன் மதுரைவீரன் சொல்லச் சொல்லக் குருநாதன் வாத்தியார் எழுதுவது. இங்கே ஆடு மாடு உட்பட எல்லோரும் நலம்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு தொடங்கி, மழையில்லாமல் முந்திரிப் பூ கருகின வருஷம்தானே, திருச்சி வேணுகோபால் முதலாளி நம் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் இருந்த முந்திரிக்காட்டை வாங்கி மனை பிரிக்க வந்தார்? முதலில் கார் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. ஊரைக் கூட்டி ஆட்சேபனை கேட்ட பிறகுதான் மனை வரைபடத்துக்கு முத்திரை என்று சர்க்காரில் சட்டத்தைத் திருத்திவிட்டதாக நீ வேலை பார்க்கிற ஆபீசிலிருந்து கார்டு போட்டாயே, அந்த வாரமே வெற்றிலைத் தட்டோடு வந்து, "பெரியவரே, சௌக்கியமா இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேங்க. செத்தா எந்த வழியா போறது?"

"காட்டுக்குள்ள வழி இருந்துச்சா?"

"எங்க பாட்டன் காலத்துலேருந்து இருக்குங்க."

"எவ்வளவு அகலம்?"

அதை யார் அளந்தது? "தூக்கிக் காட்டுறோம், அளந்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன். பாடைக்கு ஆள் வேண்டுமே, மூத்தவன் என்று என்னையே படுக்கவைத்தார்கள். நாலு பேர் தூக்க, பறை முழங்க, முன்னால் ஆட்டக்காரன் அமாவாசை கையை வீசி ஆட, அவன் விரல் எட்டின இடமெல்லாம் அளக்க வந்த அதிகாரி முளை அடித்தார். உன் அத்தை கலியம்மாள், "உசுரோட இருக்கற மனுஷனுக்கு என்னடா பாடை!" என்று விளக்குமாற்றோடு ஓடிவந்தவள், பறைச் சத்தம் கேட்டதும் நிஜமாகவே ஒப்பாரி வைத்துவிட்டாள். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே நடந்தார். நான் தலையைத் தூக்கி, "இன்னுங் கொஞ்சம் எட்டி ஆடுடா!" என்றேன். "பொணம் பேசக் கூடாது" என்று அதட்டினார் அதிகாரி. அகலம் இருபத்துநாலு அடி வந்தது.

நேற்று அந்தப் பாதைக்கு முதலாளி செலவிலேயே சரளை கொட்டினார்கள். இப்போது காதுகுத்துக்கும் கூப்பிடாமலே வருகிறார்; அடுத்த மனைக்கும் ஊர்ச் சம்மதம் வேண்டுமாம். அவர் நன்றாக இருக்கட்டும். சட்டத்தைத் திருத்தினவர்களும், கார்டு போட்ட நீயும் பிள்ளை குட்டியோடு நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு, மதுரைவீரன் கைநாட்டு.

விட்டுப்போனது: அந்தக் காட்டில் நமக்கு என்றைக்கும் பாதை இருந்ததில்லை. பழைய காட்டுக்காரர் வேலியைத் தொடவிட்டதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் ஓடையில் இறங்கித்தான் போனோம். என் அப்பனை, உன் தாத்தாவை, கால் வழுக்கிப் பாடையோடு ஓடையிலேயே நழுவவிட்டோம். எழுதுகிற வாத்தியாரிடம் வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டேன். அன்றைக்கு ஓடையில் கூட இருந்தவர்களில் அங்கமுத்து போய்விட்டான். வேம்பு போன தையில் போய்விட்டாள். ஆபீசில் யாராவது கேட்டால் உண்மையைச் சொல்ல, என்னை விட்டால் மிச்சம் இருப்பது உன் அம்மா செங்கமலம் ஒருத்திதான்.